ஊட்டியில் டிசம்பர் மாலை, புல்வெளியில் அறுபது பேர்: கடைசி ஆளுக்கும் சூடாகக் கொடுப்பது எப்படி?

கேட்டிருப்பது இதுதான். டிசம்பர் கடைசி வாரத்தில் ஊட்டியில் ஒரு பழைய பங்களாவை வாடகைக்கு எடுத்து, பெற்றோரின் நாற்பதாவது திருமண நாளைக் கொண்டாடப் போகிறார்கள். மாலை 6 மணியிலிருந்து 9 மணி வரை, வெளியே புல்வெளியில். வருபவர்கள் 60 பேர், பாதிப் பேர் சென்னையிலிருந்தும் மதுரையிலிருந்தும். சாப்பாட்டுக்கு ஆள் வைத்தாகிவிட்டது. குடிக்கச் சூடாக என்ன கொடுக்கலாம், கடைசி ஆளுக்கும் சூடு ஆறாமல் எப்படிக் கொடுப்பது என்பதுதான் கேள்வி.

மலையில் விருந்து வேலை எடுத்துச் செய்பவன் என்பதால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். என்ன பானம் என்பதை எல்லாரும் நாள் கணக்கில் யோசிக்கிறார்கள். எந்த டம்ளர், எந்த நேரம், அடுப்புக்கும் ஆளுக்கும் எவ்வளவு தூரம் என்பதை யாரும் யோசிப்பதில்லை. சூடு அடுப்பில் போவதில்லை, டம்ளரில்தான் போகிறது.

முதலில் குளிர் எப்படி இருக்கும் என்று தெரிந்துகொள்ளுங்கள். டிசம்பர் கடைசியில் ஊட்டியில் பகல் வெயில் சுள்ளென்றுதான் இருக்கும், 20 டிகிரி வரை போகும். அதை நம்பி உங்கள் சென்னைச் சொந்தங்கள் மெல்லிசான பட்டுப் புடவையில் வந்து நிற்பார்கள். பொழுது சாய்ந்ததும் மளமளவென்று இறங்கி, எட்டு மணிக்கெல்லாம் 10 டிகிரி பக்கம் வந்துவிடும். வானம் தெளிவாக இருக்கிற நாளில்தான் குளிர் அதிகம். மேகம் இல்லாததால் தரையின் சூடு நேரே வானத்துக்குப் போய்விடுகிறது. அப்படிப்பட்ட இரவுகளில்தான் விடியற்காலை தாழ்வான புல்வெளியில் உறைபனி விழும். அதற்கு முன்பே, விருந்து நேரத்திலேயே, நீர்ப்பனி இறங்கத் தொடங்கிவிடும். அதனால் பானங்கள் வைக்கிற மேசைக்குத் தலைக்கு மேல் ஏதாவது ஒரு மறைப்பு வேண்டும். வராந்தாவின் ஓரமோ, சாமியானாவின் ஒரு பக்கமோ போதும். திறந்த வெளியில் கவிழ்த்து வைத்த டம்ளர்கள் அரை மணி நேரத்தில் ஈரமாகி, ஐஸ் போல ஆகிவிடும்.

டம்ளர் கணக்கைப் பாருங்கள். 200 கிராம் எடையுள்ள பீங்கான் கப், வெளியே வைத்து 10 டிகிரிக்கு வந்துவிட்டது. அதில் 75 டிகிரி சூட்டில் 120 மில்லி டீ ஊற்றுகிறீர்கள். கப் தன் பங்குச் சூட்டை உறிஞ்சிக்கொண்டதும் டீ 58 டிகிரிக்கு வந்துவிடும். இன்னும் ஒரு வாய்கூடக் குடிக்கவில்லை, காற்று தன் வேலையைத் தொடங்கவும் இல்லை, அதற்குள் 17 டிகிரி போய்விட்டது. அதே கப்பை வெந்நீரில் முக்கி எடுத்து 50 டிகிரியில் வைத்திருந்தால் டீ 68, 69 டிகிரியில் நிற்கும். எவ்வளவு விலை கொடுத்து ஃபிளாஸ்க் வாங்கினாலும் இந்தப் பத்து டிகிரியை அது தராது. அகலமான ஒரு பேசினில் வெந்நீர், அதில் இருபது இருபதாகக் கப்புகள், பக்கத்தில் துடைக்க ஒரு பெரிய துண்டு, இதற்கென்றே ஒரு ஆள். அந்த ஆளுக்குக் கொடுக்கிற கூலிதான் அன்றைய செலவில் மிகவும் பயனுள்ளது.

எவர்சில்வர் டம்ளர் எப்படி என்று கேட்பீர்கள். எடை குறைவு, அதனால் முதலில் உறிஞ்சும் சூடு மிகக் குறைவு. அதே கணக்கில் டீ 70 டிகிரியில் நிற்கும். ஆனால் சுவர் மெல்லிசு, உள்ளே இருக்கிற சூடு அப்படியே வெளியே வரும். முதலில் கையும் உதடும் சுடும், பிறகு காற்று பட்டதும் மடமடவென ஆறும். டபராவோடு கொடுத்தால் கை தப்பிக்கும், ஆனால் நின்றுகொண்டு பேசுகிற கூட்டத்தில் டபரா, டம்ளர், மொபைல் மூன்றையும் பிடிக்க யாருக்கும் கை போதாது. இரட்டைச் சுவர் உள்ள எவர்சில்வர் கப்புகள் பாத்திர வாடகைக் கடையில் கிடைத்தால் அதையே எடுங்கள். கிடைக்காவிட்டால் காது வைத்த சின்னப் பீங்கான் கப். காகிதக் கப் பற்றி யோசிக்கவே வேண்டாம். தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் பிளாஸ்டிக் பூச்சுள்ள காகிதக் கப்புக்கும் தெர்மாகோல் கப்புக்கும் தடை இருக்கிறது, நீலகிரியில் அதைப் பார்க்கவும் செய்வார்கள்.

கப் சின்னதாக இருக்கட்டும். 100, 120 மில்லிக்கு மேல் வேண்டாம். பெரிய மக்கில் 250 மில்லி ஊற்றிக் கொடுத்தால் பாதிக்கு மேல் ஆறிப்போய், செடியில்தான் ஊற்றுவார்கள். சின்னக் கப்பில் இரண்டு தடவை கொடுப்பது உபசாரமாகவும் இருக்கும், இரண்டு தடவையும் சூடாகவும் இருக்கும்.

இனி என்ன கொடுப்பது. மூன்று வேளையாகப் பிரித்துக்கொள்ளுங்கள்: வந்ததும் ஒன்று, சாப்பாட்டுக்கு முன் ஒன்று, கிளம்பும்போது ஒன்று. மூன்று மணி நேரமும் எல்லாமும் மேசையில் இருக்க வேண்டும் என்று நினைத்தால் எதுவுமே சூடாக இருக்காது.

வந்ததும் கொடுக்க சுக்கு மல்லிக் காப்பியை மிஞ்ச ஒன்றுமில்லை. பால் இல்லாததால் மணிக்கணக்கில் சூட்டில் இருந்தாலும் கெடாது, திரியாது, ஆடை படியாது. காப்பித்தூளும் இல்லாததால் ராத்திரி தூக்கம் போகும் என்ற பயம் பெரியவர்களுக்கு வேண்டாம். 100 கிராம் சுக்குக்கு 100 கிராம் கொத்தமல்லி விதை, 15, 20 கிராம் மிளகு, நாலைந்து ஏலக்காய். மல்லியையும் மிளகையும் லேசாக வறுத்து எல்லாவற்றையும் கரகரப்பாகப் பொடித்துக்கொள்ளுங்கள். ஒரு லிட்டர் தண்ணீருக்கு இந்தப் பொடி 15 முதல் 20 கிராம், கருப்பட்டி 80 முதல் 100 கிராம். கருப்பட்டியைத் தனியாகக் கரைத்து வடிகட்டிய பிறகுதான் சேர்க்க வேண்டும். அடியில் மண் இல்லாத கருப்பட்டியை நான் இன்னும் பார்க்கவில்லை. பொடியும் கொதித்து முடிந்ததும் மல் துணியில் வடிகட்டிவிடுங்கள். வடிகட்டியில் மட்டும் வடித்தால் நுண்ணிய தூள் தங்கி, டீ கேனின் குழாயில் போய் அடைத்துக்கொள்ளும். அறுபது பேர் வரிசையில் நிற்கும்போது குழாயைக் குத்திக்கொண்டு உட்கார முடியாது.

பான மேசையை வாசலில் வைக்காதீர்கள். காரிலிருந்து இறங்குகிற இடத்துக்கும் புல்வெளிக்கும் நடுவே, காற்று படாத ஒரு மூலையில் வையுங்கள். வயதானவர்கள் வரிசைக்கு வரமாட்டார்கள். அவர்கள் உட்கார்ந்திருக்கும் இடத்துக்குத் தட்டில் போக வேண்டும், அதுவும் முதலில். தட்டில் ஒரு துணியை விரியுங்கள். வெறும் எவர்சில்வர் தட்டு சில்லென்று இருந்தால் கப்பின் அடிச் சூட்டை அது வாங்கிக்கொள்ளும். துணி இருந்தால் கப்பும் வழுக்காது. ஒரு தட்டில் எட்டுக் கப்புக்கு மேல் வேண்டாம். பன்னிரண்டு வைத்தால் பன்னிரண்டாவது ஆளிடம் போய்ச் சேர்வதற்குள் பேச்சு, குசலம், போட்டோ எல்லாம் ஆகியிருக்கும்.

டீக்கு வருகிறேன். நீலகிரியில் விருந்து வைத்துவிட்டு டீ இல்லை என்றால் அக்கம்பக்கத்தில் சிரிப்பார்கள். இங்கே ஒரு சிக்கல் உண்டு, சமவெளியிலிருந்து வரும் சமையல்காரர்களுக்கு அது சட்டென்று பிடிபடாது. ஊட்டி கடல் மட்டத்திலிருந்து சுமார் 2,240 மீட்டர் உயரம். இங்கே தண்ணீர் 100 டிகிரியில் கொதிப்பதில்லை, 92, 93 டிகிரியிலேயே தளதளவென்று கொதித்துவிடும். அதற்கு மேல் எவ்வளவு தீ வைத்தாலும் ஆவிதான் கூடும், சூடு கூடாது. அதனால் டீத்தூளில் சாறு இறங்கக் கொஞ்சம் கூடுதல் நேரம் வேண்டும், சென்னையில் மூன்று நிமிடம் என்றால் இங்கே நாலரை, ஐந்து. இன்னொரு விஷயம், தொடக்கமே ஏழு டிகிரி குறைவு. டம்ளருக்குப் போவதற்குள் ஆறிவிடுகிறது என்று சமவெளிக்காரர்கள் புலம்புவதில் இதற்கும் பங்கு உண்டு. ஃபில்டர் காப்பிக்கு இந்தத் தொல்லை கிடையாது. டிகாக்ஷனுக்கு 90 டிகிரி தாண்டிய தண்ணீரே போதும்.

பால் கலந்த டீயைக் கேனில் ஊற்றி வைக்காதீர்கள். அரை மணி நேரம் தாண்டினாலே ஒரு வேகின வாடை வரும், ஒரு மணி நேரத்தில் நிறம் மங்கி, கசப்பு ஏறிவிடும். டீ டிகாக்ஷனை ஒரு கேனில், காய்ச்சிய பாலை இன்னொரு கேனில் வைத்து, டம்ளரில் கலக்கிற இடத்தில் கலக்குங்கள். பால் வேண்டாம் என்பவர்களுக்கு அதே டிகாக்ஷனில் வெந்நீர் சேர்த்துக் கட்டஞ்சாயாவாகக் கொடுத்துவிடலாம். சர்க்கரையும் தனியாகத்தான். இத்தனை பெரியவர்கள் வருகிற இடத்தில் எத்தனை பேருக்குச் சர்க்கரை வியாதி என்று உங்களுக்கே தெரியும். பால் எப்போதும் 60 டிகிரிக்கு மேலேயே இருக்க வேண்டும், வெதுவெதுப்பாக மூன்று மணி நேரம் கிடந்த பாலை யாருக்கும் கொடுக்காதீர்கள்.

இஞ்சி டீ போடுவதாக இருந்தால் இஞ்சியைத் தண்ணீரில் போட்டு நன்றாகக் கொதிக்கவிட்ட பிறகே பால். பச்சை இஞ்சியில் பாலைத் திரிய வைக்கும் ஒரு நொதி இருக்கிறது, கொதித்தால் அது செயலிழந்துவிடும். கருப்பட்டி, வெல்லம் போட்ட பால் டீயும் அப்படித்தான்: அடுப்பிலிருந்து இறக்கிய பிறகு கலக்க வேண்டும், கூடவே கொதிக்கவிட்டால் திரிவதற்கு வாய்ப்பு அதிகம். பத்து லிட்டர் பால் ஒரே நேரத்தில் திரிந்து நிற்பதைப் பார்த்தால் மனசு கேட்காது.

டீயோடு ஊட்டி வர்க்கி வையுங்கள். 2023-ல் புவிசார் குறியீடு வாங்கிய பண்டம், வெளியூர்க்காரர்கள் கேட்டு வாங்கிச் சாப்பிடுவார்கள். பனியில் திறந்து வைத்தால் நமுத்துவிடும், டப்பாவிலேயே வைத்து எடுத்துக் கொடுங்கள்.

சாப்பாட்டுக்கு முன் ஏழரை மணி வாக்கில் ரசமோ சூப்போ கொடுங்கள். அந்த நேரத்தில்தான் குளிர் உறைக்கத் தொடங்கும், இனிப்புப் பானம் இரண்டு குடித்தவர்களுக்கு உப்பும் காரமும் தேவைப்படும். கொள்ளு ரசம் என்றால் இரட்டை மகிழ்ச்சி. ரசத்தை நுரை கட்டியதும் இறக்கி, மூடி போட்டுக் கேனில் ஊற்றுங்கள். அடுப்பிலேயே வைத்துக் கொதிக்கவிட்டால் வாசனை போய்ப் புளித்தண்ணீர்தான் மிஞ்சும். அலுமினிய அண்டாவில் புளி வேண்டாம், எவர்சில்வர் அல்லது வெள்ளீயம் பூசிய பாத்திரம் எடுங்கள்.

அசைவக்காரர்களுக்கு ஆட்டுக்கால் சூப்பு கொடுக்கலாமே என்று யாராவது ஆசை காட்டுவார்கள். வீட்டுக்குள் என்றால் சரி. வெளியில் வேண்டாம். ஆட்டுக் கொழுப்பு 40 டிகிரிக்குப் பக்கத்திலேயே உறையத் தொடங்கும், இந்தக் குளிரில் கப்பின் விளிம்பிலும் உதட்டிலும் மெழுகாக ஒட்டிக்கொள்ளும். கோழிக் கொழுப்பு அவ்வளவு சீக்கிரம் உறையாது, அதனால் நாட்டுக்கோழி சூப்பு. இதே காரணத்துக்காக ரசத்துக்கும் நெய்த் தாளிப்பைக் குறைத்துக்கொள்ளுங்கள்.

அளவு: 60 பேருக்கு ஆளுக்கு இரண்டரைக் கப் என்று வைத்தால் மொத்தம் 150 கப், 15 முதல் 18 லிட்டர். சுக்குக் காப்பி 6 லிட்டர், டீ 7 லிட்டர், ரசமும் சூப்புமாக 5 லிட்டர் என்று பிரியுங்கள். 7 லிட்டர் டீக்கு 150 கிராம் டீத்தூளும், மூன்றரை லிட்டர் நிறைகொழுப்புப் பாலும் சரியாக இருக்கும். குளிரில் சாப்பாட்டைவிடக் குடிப்பதுதான் கணக்கைத் தாண்டும், அதனால் ஒரு கேன் வெந்நீரைக் கையிருப்பில் வையுங்கள். அது எதற்காவது உதவும்.

கேன் என்று சொன்னது தெருவில் சைக்கிளில் டீ விற்பவர்கள் வைத்திருக்கும் அதே குழாய் வைத்த எவர்சில்வர் கேன்தான். பானத்தை ஊற்றுவதற்கு முன் கொதிக்கும் தண்ணீரை ஊற்றிப் பத்து நிமிடம் மூடி வைத்துக் கொட்டிவிடுங்கள். முழுக்க நிரப்புங்கள், பாதி நிரம்பிய கேன் சீக்கிரம் ஆறும். பத்து லிட்டர் கேன் ஒன்றைவிட ஐந்து லிட்டர் கேன் இரண்டு நல்லது, ஒன்று வெளியே இருக்கும்போது மற்றது திறக்காமலே இருக்கும்.

மின்சாரக் கொதிகலன் வைக்கலாமா? வைக்கலாம், ஆனால் பழைய பங்களாக்களின் வயரிங்கைப் பார்த்துவிட்டு. 2,000 வாட் கொதிகலன் ஒன்பது ஆம்பியர் பக்கம் இழுக்கும், சாதாரண 5 ஆம்பியர் பிளக்கில் போட்டால் ஃபியூஸ் போய் விளக்கும் பாட்டும் சேர்ந்து நின்றுவிடும். 16 ஆம்பியர் பிளக் எங்கே இருக்கிறது என்று முன்கூட்டியே பாருங்கள். பத்து லிட்டர் தண்ணீர் கொதிக்க அரை மணி நேரத்துக்கு மேல் ஆகும் என்பதையும் கணக்கில் வையுங்கள். நீர்ப்பனி விழுகிற புல்லில் எக்ஸ்டென்ஷன் ஒயரைப் போடவே கூடாது.

கேஸ் அடுப்புதான் என்றால் குளிரில் அதுவும் முரண்டு பிடிக்கும். சிலிண்டருக்குள் திரவமாக இருப்பது ஆவியாகித்தான் மேலே வருகிறது, ஆவியாகும்போது சிலிண்டர் தன் சூட்டையே இழக்கிறது. பெரிய பர்னரை ஒரு மணி நேரம் விடாமல் எரித்தால் சிலிண்டரின் கீழ்ப்பாதியில் பனி பூத்து, தீ சோம்பிவிடும். முக்கால் காலியான சிலிண்டரில் இது இன்னும் சீக்கிரம் நடக்கும். நிறைந்த சிலிண்டர் இரண்டு வைத்து மாற்றி மாற்றி எரியுங்கள், ஈரப் புல்லில் வைக்காமல் பலகை மேல் வையுங்கள். தீ குறைகிறதே என்று சிலிண்டருக்குச் சூடு காட்டுகிற வீரர்கள் உண்டு, அவர்களை அடுப்புப் பக்கமே விடாதீர்கள். காற்றை மறைக்க அடுப்பைச் சுற்றி மூன்று பக்கம் தகரம் போதும், சிலிண்டர் அந்தத் தகரத்துக்கு வெளியே இருக்கட்டும்.

கணப்பு பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்லியே ஆக வேண்டும். புல்வெளியில் விறகு அடுக்கித் தீ மூட்டுவது நல்லதுதான், கையில் கப்போடு சுற்றி நிற்பார்கள், விருந்து களைகட்டும். குளிர் தாங்காமல் அந்தக் கரியை இரும்புச் சட்டியில் அள்ளி, நாலு பக்கமும் படுதா இறக்கிய சாமியானாவுக்குள்ளோ, படுக்கப் போகும் அறைக்குள்ளோ கொண்டு வைப்பதுதான் கூடாது. கரி புகைவிடாமல் கனன்றுகொண்டிருந்தாலும் கார்பன் மோனாக்சைடு வரும். அதற்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. தலைவலி, மயக்கம் என்று தொடங்கித் தூக்கத்திலேயே ஆளை முடித்துவிடும். விருந்து முடிந்ததும் கணப்பைத் தண்ணீர் ஊற்றி அணைப்பதை ஒரு ஆளின் பொறுப்பில் விடுங்கள்.

மதுவும் ஒரு வாய் கொடுக்கலாமா என்று மாமாக்களில் ஒருவர் கேட்பார். அது உடம்புக்குச் சூடு தருவதில்லை. தோலுக்கு அடியில் இரத்தக் குழாய்களை விரித்து, உள்ளே இருக்கும் சூட்டை வெளியே விடுகிறது. சூடாவது போன்ற நினைப்புதான் மிச்சம். இரவே மலையிறங்குகிற வண்டிகளும் இருக்கும் என்பதால் என் ஓட்டு வேண்டாம் என்பதற்கே.

சூடு என்றாலும் எவ்வளவு? குடிப்பதற்கு 60 டிகிரி சுற்றி இருந்தால் போதும். 65 டிகிரிக்கு மேலான சூட்டில் வழக்கமாகக் குடிப்பது உணவுக்குழாய்ப் புற்றுநோய்க்குக் காரணமாகலாம் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2016-ல் வகைப்படுத்தியது. ஒரு விருந்தால் ஒன்றும் ஆகிவிடாது, ஆனால் வாய் சுட்டால் அடுத்த பந்தியே ருசிக்காது. குழந்தைகளுக்குத் தனியாக ஒரு சின்னக் கேனில் பாதாம் பாலை வெதுவெதுப்பாக, 45, 50 டிகிரியில் வைத்து, அரை மணிக்கு ஒருமுறை புதிதாக மாற்றுங்கள். பெரியவர்களின் மேசை குழந்தைகளின் கைக்கு எட்டாத உயரத்தில் இருக்கட்டும், மேசைவிரிப்பு தொங்கக் கூடாது. இழுத்துவிடுவார்கள்.

கழிப்பறைக்குப் போகும் வழியில் விளக்கு போடுங்கள். குளிரில் உடம்பு தானாகவே தண்ணீரை வெளியேற்றப் பார்க்கும், மேலே மூன்று கப் உள்ளே போயிருக்கும். பெரிய பங்களாக்களில் அது பின்பக்கம், நாலு படி இறங்கி, இருட்டில் இருக்கும்.

கிளம்பும் வேளைக்கு மஞ்சள் மிளகுப் பால், இல்லை பனங்கற்கண்டுப் பால். இதைக் கேனில் வைக்காமல் அடுப்பிலிருந்தே நேராகக் கப்புக்கு ஊற்றுங்கள், ஏனென்றால் அந்த நேரத்தில் கூட்டம் சிறிது சிறிதாகத்தான் கலையும். ஊற்றுகிறவர் கேட்டுக்குப் பக்கத்திலேயே நிற்கட்டும்.

அப்புறம் டிரைவர்கள். வேன், கார் என்று எட்டு பத்துப் பேராவது வந்திருப்பார்கள், உங்கள் 60 பேர் கணக்கில் அவர்கள் இருக்கமாட்டார்கள். உள்ளே கணப்பும் பாட்டும் நடக்க, அவர்கள் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு வண்டியில் உட்கார்ந்திருப்பார்கள். சுக்குக் காப்பியில் ஒரு லிட்டரை முதலிலேயே ஃபிளாஸ்க்கில் ஊற்றி வெளியே அனுப்பிவிடுங்கள், எட்டு மணிக்குச் சாப்பாடும், கிளம்புவதற்கு முன் ஸ்ட்ராங்கான டீயும். கடைசியில் மிச்சம் இருந்தால் கொடுக்கலாம் என்று விட்டால் மிச்சம் இருக்காது.

மீந்த பாலையும் பால் டீயையும் கொட்டிவிடுங்கள். சுக்குக் காப்பி மீந்தால் வடிகட்டி மூடி வையுங்கள், காலையில் கொதிக்கவைத்துக் குடிக்கலாம். தங்கியிருப்பவர்கள் உறைபனி பார்க்க ஆறு மணிக்கே எழுந்து வருவார்கள், அவர்களுக்கு அது போதும்.